மருந்து, மந்து, மத்து: தோட்டாவை நிரப்பிய கைகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரே தெருவில் மூன்று மொழிகள் புழங்குகின்றன. தமிழர் ‘மருந்து’ என்பதைத் தெலுங்கர் ‘மந்து’ என்பர். கன்னடர் ‘மத்து’ என்பர். (தயிர் கடையும் மத்து அன்று, கன்னடத்தில் அந்தத் தகரம் மென்மையாக ஒலிக்கும்.) மூன்று சொற்களும் ஓரினத்தவை. மூன்றும் நோய் தீர்க்கும் பொருளைக் குறிப்பவை. மூன்றும் துப்பாக்கியில் இடும் கரும்பொடியையும் குறிப்பவை. தெலுங்கு மட்டும் மதுவையும் இந்தச் சொல்லுக்குள் அடக்கிக்கொண்டது. சீன மொழியிலும் வெடிமருந்தின் பெயர் ‘தீ மருந்து’ என்றே பொருள்படும். சாகா மருந்து தேடிய தாவோ இரசவாதிகளின் கையில்தான் அது முதலில் பற்றியெரிந்தது என்பது அங்கு வழங்கும் வரலாறு.

மருந்து என்றால் அளவு உண்டு. அளந்து கொடுக்கும் கை ஒன்றும் உண்டு. துப்பாக்கியின் வரலாற்றில் அந்தக் கை யாருடையது என்ற கேள்வி, பார்வைக்குத் தோன்றுவதைவிடப் பெரியது.

துப்பாக்கி, துருக்கிய ‘துஃபெக்’கின் வழிவந்து உருதுவின் ஊடாகத் தமிழுக்கு வந்த சொல். தோட்டாவும் உருது வழியே வந்ததுதான். சிறு ஈயக் குண்டுகளுக்கு வழங்கும் ‘ரவை’ உப்புமாவுக்கு ஆகும் அதே ரவை. ஆனால் வினைச்சொல்லைத் தமிழ் கடன் வாங்கவில்லை. துப்பாக்கியைக் ‘கெட்டித்தல்’ என்றனர். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்குவதே கெட்டித்தல். சுடுபவரே மருந்தளப்பவராகவும் இருந்த காலத்துச் சொல் இது.

லிங்கராஜபுரம் இன்று மாநகரின் நடுவில் இருப்பதாகத் தோன்றினாலும், ஆங்கிலேயர் 1809-இல் நிறுவிய தண்டுப் பகுதியின் வடகிழக்கு விளிம்பை ஒட்டிய ஊர். தண்டோடு வந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர்: சிப்பாய்கள், சமையற்காரர்கள், வண்டிக்காரர்கள், கொத்தனார்கள். அல்சூர் ஏரிக்கரையில் நிலைகொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினரைப் படைத்துறையில் இன்றும் ‘தம்பிகள்’ என்றே அழைக்கின்றனர். முள்வேலியைத் தகர்க்க உலகப்போர்களில் பயன்பட்ட ‘பெங்களூர் டார்பிடோ’வை 1912-இல் இந்தப் படைப்பிரிவில் இருந்த மெக்ளின்டாக் என்னும் அதிகாரி உருவாக்கினார். ஊரின் பெயர் ஒரு வெடிகுழாய்க்கு வாய்த்தது இப்படித்தான்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் படையில் சேர்ந்த புதியவர் முதலில் பழகவேண்டியது குறிபார்ப்பதையன்று, கெட்டிப்பதை. மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டிய காகிதத் தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும். மருந்தைக் குழலில் கொட்டவேண்டும். குண்டை இட்டுக் கோலால் இடிக்கவேண்டும். கோலை வெளியே எடுக்க மறக்கக் கூடாது. மறந்தவர்களின் கோல் குண்டோடு பறந்த கதைகள் எல்லாப் படைகளிலும் உண்டு. பின்னர்த் தீப்பொறிக் கல்லுக்கு மாற்றாகக் ‘கேப்பு’ வந்தது: அடித்தால் வெடிக்கும் சேர்மம் தடவிய சிறு செப்புக் குல்லாய். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் செருகும் கேப்பு அதே பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

காகிதத் தோட்டா ஒரு வசதி. அதே வேளையில் அது ஒரு கைமாற்றமும்கூட. மருந்தளக்கும் வேலை சிப்பாயின் கையிலிருந்து படைக்கலச் சாலைக்குப் போயிற்று. அதன் விலை 1857-இல் தெரிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் தண்ணீர்ச் செம்பைக் கேட்டதாகவும், சாதி சொல்லி மறுத்தவரிடம் ‘கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிற உமக்கு ஏது சாதி’ என்ற பொருள்படக் கேட்டதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற விவாதத்தில் ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அரசு அவசரமாகத் தந்த சலுகைகளில் ஒன்று, தடவாத தோட்டாக்களை வழங்கி, சிப்பாய்களே தமக்கு உகந்த நெய்ப்பொருளைத் தடவிக்கொள்ளலாம் என்பது. கடித்துக் கிழிப்பதற்கு மாறாகக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறையும் திருத்தப்பட்டது. தோட்டாவின் ஒரு பகுதி வேலையைச் சிப்பாயின் கைக்கே திருப்பித் தந்து நம்பிக்கையை மீட்கப் பார்த்தார்கள். காலம் கடந்துவிட்டிருந்தது.

அடுத்த பத்தாண்டுக்குள் தோட்டா உலோகமாயிற்று. 1866-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பாக்ஸரும் அமெரிக்காவின் பெர்டனும் தனித்தனியே இருவகைக் கேப்பு அமைப்புகளை உருவாக்கினர். பாக்ஸர் அமைப்பில் பித்தளைக் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. சுட்டு முடிந்த கேப்பை உள்ளிருந்து ஓர் ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம். பெர்டன் அமைப்பில் அது எளிதன்று. ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கரின் கண்டுபிடிப்பை ஐரோப்பியப் படைகள் பெரிதும் எடுத்துக்கொண்டன. இந்தச் சிறு துளையால்தான் அமெரிக்க வீடுகளில் ஒரு கைத்தொழில் தழைத்தது.

1884-இல் ஜான் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் நிறுவனம், பாக்குவெட்டியை ஒத்த கைக்கருவிகளை விற்றது. சுட்ட கூட்டைப் பொறுக்கி, பழைய கேப்பை நீக்கி, விரிந்த கூட்டை அச்சில் இறுக்கி, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மூடும் வேலை அடுக்களை மேசைக்கு வந்துசேர்ந்தது. நகரக் கடைக்குப் போய்வர நாள்கணக்காகும் பண்ணையாளருக்கு அது சிக்கனம். பின்னாளில் அதுவே ஆராய்ச்சியும் ஆயிற்று. எல்மர் கீத் என்னும் மாட்டுப்பண்ணையாளர் வீட்டில் நிரப்பிப் பார்த்த வலுவான தோட்டாக்களின் வழியில்தான் 1955-இல் .44 மேக்னம் பிறந்தது. அதற்கு முன் அவர் கையிலேயே ஒரு சுழல்துப்பாக்கி வெடித்துச் சிதறியிருந்தது.

கைத்துப்பாக்கித் தோட்டா இத்தொழிலில் புதியவர்களுக்குத் தனிக் கண்டம். சிறுதோட்டாவுக்கு வேண்டிய புகையற்ற மருந்து மிகக் குறைவு. கூட்டின் ஒரு பகுதியே நிறையும். கவனம் சிதறி இரண்டாம் முறை கொட்டினாலும் வழியாது. கண்ணுக்கும் எளிதில் தெரியாது. கொட்ட மறந்தாலோ, கேப்பின் விசை மட்டும் குண்டைக் குழலின் பாதிவழியில் கொண்டுபோய் நிறுத்திவிடும்; ஓசை சன்னமாகக் கேட்கும்; அதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அங்கே பழைய கைகள் புதியவர்களுக்குச் சொல்லும் முதற்பாடம் ஒழுங்கைப் பற்றியது: மேசையில் ஒரே ஒரு வகை மருந்து, பக்கத்தில் பேச்சுத்துணை கூடாது, வரிசையாக நிறுத்திய கூடுகள் ஒவ்வொன்றையும் விளக்கொளியில் எட்டிப்பார்த்த பிறகே குண்டை வைத்தல். சித்த மருந்து இடிக்கும் வீடுகளின் கண்டிப்பை ஒத்தது இது. ‘மருந்து’ என்ற பெயர் தற்செயல் என்று தோன்றவில்லை.

அமெரிக்க அடுக்களையில் இது பரவிய அதே தலைமுறையில், இந்தியாவில் லிட்டன் பிரபு 1878-இன் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்திய மொழி இதழ்களின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டினது. ஆயுதச் சட்டத்தின் சொற்பொருள் விளக்கம் நுணுக்கமானது. கேப்பு, தீக்கல், குழலில் திணிக்கும் அடைப்பு, தோட்டாவின் ஒவ்வோர் உறுப்பு, தோட்டா செய்யும் எந்திரம் யாவும் வெடிபொருளாகவே கொள்ளப்பட்டன. ஈயம், கந்தகம், வெடியுப்பு மட்டும் விலக்கு. வேளாண்மையும் மருத்துவமும் நடக்கவேண்டுமே! ஐரோப்பியருக்கு இச்சட்டத்தின் உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விதிவழி விலக்குக் கிடைத்தது. பொருள் ஒன்றே, குற்றமாவது கையின் நிறத்தைப் பொறுத்தது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடப் பழகினார். பிரெஞ்சு எல்லைக்குள் பழகவேண்டியிருந்தது என்பதே சட்டத்தின் வலிமையைக் காட்டும். பழகுநர் ஒருவருக்கு நூற்றுக்கணக்கில் தோட்டா வேண்டும். கெட்டிக்கும் துப்பாக்கியாக இருந்தால் கரியும் உப்பும் கந்தகமும் இடித்துச் சமாளிக்கலாம். தானாக நிரம்பும் புதுவகைக் கைத்துப்பாக்கிக்குப் புகையற்ற மருந்தும் துல்லியமான பித்தளைக் கூடும் கடல் கடந்தே வந்தாகவேண்டும். தலைமறைவு இயக்கங்கள் துப்பாக்கிக்கு அலைந்ததை எழுதியவர்கள் பலர். தோட்டாவின் பஞ்சத்தை எழுதியவர் குறைவு. அதே காலத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் அரசு தன் படைக்கான கார்டைட்டைச் செய்துகொண்டிருந்தது.

விடுதலைக்குப் பின் 1959-இன் ஆயுதச் சட்டம் வந்தது. விளக்கத்தை அவ்வளவாக மாற்றவில்லை. தோட்டாவின் உறுப்புகளும் அதைச் செய்யும் எந்திரமும் இன்றும் ‘வெடிபொருள்’ என்ற சொல்லுக்குள்தான் அடங்கும். மருந்து ஒரு துளியும் இல்லாத வெற்று அழுத்தியேகூடச் சட்டத்தின் கண்ணில் தோட்டாவே. 2019-இன் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றிச் செய்வோருக்கு ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறை. லிங்கராஜபுரத்து வீடொன்றில் ஒருவர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்து அத்தகைய கருவியை வரவழைத்தால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே வழக்குக்கு இடமுண்டு. அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுகளை அறிந்தவர்கள் இச்சட்டத்தின் கடுமையை எளிதில் பழிக்கமாட்டார்கள். ஆயினும் அதன் சொற்கள் அச்சம்கொண்ட ஓர் அந்நிய அரசு எழுதியவை என்பதும் உண்மையே.

அதே கர்நாடகத்தின் குடகில் நிலைமை வேறு. குடவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து துப்பாக்கி உரிமத்தில் விலக்கு உண்டு. இப்போதைய அறிவிப்பின்படி அது 2029 வரை செல்லும். துப்பாக்கிக்கு அவர்கள் மொழியில் ‘தோக்’ என்று பெயர். ஆண்குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி, இறப்புக்கு இரண்டு. செப்டம்பர்த் தொடக்கத்தில் கைல்போத் திருநாளன்று, கெட்டிக்கும் பழந்துப்பாக்கிகளும் இன்றைய துப்பாக்கிகளும் துடைத்துப் பூசையில் வைக்கப்படும். ஒவ்வொன்றின் குழல் வாயிலும் அன்று மருந்து இராது. ஒரு மலரைச் செருகுவார்கள். அந்த மலரைத் ‘தோக்பூ’ என்பர். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் செங்காந்தள்.