போடிப் பாதையும் சென்னை நடைமேடையும்

போடிநாயக்கனூர்ப் பக்கம் ரயில் வருவதற்கு முன்பே கம்பி வந்துவிட்டது. மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். மாட்டு வண்டி அதைப் போடியில் சேர்க்கும். 1924 வெள்ளம் மேலே இருந்த தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. நான்கே ஆண்டில், 1928இல், மதுரையிலிருந்து போடிக்குப் பாதை திறந்தார்கள். கீழே ரயில் வந்து சேர்ந்தபோது மேலே ரயில் இல்லை. இந்தப் பாதைக்கு அப்போதிலிருந்தே நேரம் கூடிவரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தார்கள். அந்தக் கதி போடிக்கு மட்டும் வந்ததன்று. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, மொரப்பூர்–ஓசூர் கிளைகளும் 1941இல் மூடப்பட்டன; கிருஷ்ணகிரிக் கிளை பிறகு திறக்கவே இல்லை. போடிக்கு 1950களில் மீண்டும் பாதை கிடைத்தது என்பதை அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். அதுவும் மீட்டர் கேஜில்.

1992இல் ‘எல்லாப் பாதையும் ஒரே அகலம்’ என்ற கொள்கையை ரயில்வே கையில் எடுத்தது. சென்னை–மதுரை மெயின் லைன் அகலமானது. போடி வண்டி மதுரையில் தனித்து நின்றது. மலைக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுடன் அங்கே இறங்கி மாறினார்கள். 2010 கடைசியில், பாதையை அகலமாக்குவதற்காக அந்த வண்டியையும் நிறுத்தினார்கள். பணி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று துண்டு துண்டாக நகர்ந்தது. 2011இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் நேரத்தில்தான், 2023 ஜூன் 15 அன்று, போடியில் மறுபடி ரயில் நின்றது.

இதற்கு நடுவே கவனிக்கவேண்டிய நாள் ஒன்று உண்டு. 2022 மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில், 500 கோடிக்கு மேல் செலவான 75 கிலோமீட்டர் மதுரை–தேனி பாதையைப் பிரதமர் திறந்துவைத்தார். அதே மேடையில் எழும்பூர், மதுரை, காட்பாடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி ஆகிய ஐந்து நிலையங்களைப் புதுப்பிக்க அடிக்கல்லும் நாட்டினார். மதிப்பு 1,800 கோடிக்கு மேல். பாதை போட்டால் மட்டும் போதாது, வண்டி போய் நிற்க ஊரில் இடம் வேண்டும் என்பதற்கு அந்த இரண்டு தொகைகளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் அந்த இடப் பங்கீடு வெள்ளைக்காரன் காலத்தது. 1873இல் கட்டிய சென்ட்ரல், அகலப் பாதைக்காரர்களான மெட்ராஸ் ரயில்வேக்கு. 1908இல் திறந்த எழும்பூர், மீட்டர் கேஜில் ஓட்டிய தென்னிந்திய ரயில்வேக்கு. கேஜ் வேறுபாடு போன பின்னும் தென்மாவட்ட ரயில் என்றால் எழும்பூர் என்ற வழக்கம் போகவில்லை. சென்னை–போடி ரயிலோ சென்ட்ரலிலிருந்து புறப்படுகிறது. புது வண்டி எதையும் விடவில்லை. சென்ட்ரல்–மதுரை ரயிலையே போடி வரை நீட்டினார்கள். நீட்டிப்பு என்றால் சென்னையில் புதிதாக நடைமேடை தேட வேண்டாம் என்று பொருள். விலையைப் பயணி கொடுக்கிறார்: விழுப்புரம், திருச்சி வழி இல்லாமல் காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர் என்று சுற்றி, வாரத்துக்கு மூன்று நாள். நாமக்கல் வழியும் 2013இல்தான் திறந்தது.

ஆனால் அந்தச் சுற்றே 2025இல் கைகொடுத்தது. எழும்பூர்ப் பணிக்காகத் தென்மாவட்ட ரயில்கள் சிலவற்றைத் தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். போடி ரயில் அதில் சிக்கவில்லை.

இனி வேகமான ரயில் வருமா என்றால், புல்லட் ரயிலுக்காக முதலில் ஆய்வுக்கு எடுத்த ஏழு வழித்தடங்களில் தமிழ்நாட்டைத் தொட்டது சென்னை–பெங்களூரு–மைசூரு ஒன்றுதான். மதுரைப் பக்கம் ஒரு கோடும் இல்லை. போடியில் ஏலம் போகும் ஏலக்காயும் ரயிலின் வேகத்துக்காகக் காத்திருக்கவில்லை. எடை குறைவு, விலை அதிகம். மூட்டையை லாரியில் போட்டால் போதும். ஏல மையத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார்கள். சரக்கு வேகனுக்கு அங்கே வேலை குறைவு. ரயில் வேண்டியது ஆட்களுக்கு. அந்த ஆட்களில் பெரும்பாலோர் விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். சென்னை ரயில் போடியில் நிற்கும்போது மணி ஒன்பதரையைத் தாண்டியிருக்கும்.