யூதர் திருநாட்களும் நாள் குறிக்கும் அதிகாரமும்

ஒரு சமயத்தின் திருநாட்களை ஆராய்வோர் அவை எதன்பொருட்டு, எவ்வாறு கொண்டாடப்படுகின்றன என்பவற்றையே பெரும்பாலும் நோக்குவர். அத்திருநாள் எந்நாளில் வரும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. யூதரது வரலாற்றிலோ சமூகத்தின் ஒருமைப்பாடே இவ்வினாவிற் தங்கியிருந்தது.

யூதரின் யாத்திரை விழாக்கள் மூன்று. எகிப்திய அடிமைத்தளையினின்றும் விடுபட்டமையை நினைவுகூரும் பாஸ்கா, ஏழு வாரங் கழித்து வரும் வாரங்களின் விழா, இலையுதிர்காலத்துக் கூடார விழா என்பன அவை. மூன்றும் பலஸ்தீன மண்ணின் விளைச்சலோடு பிணைந்தவை. பாஸ்கா இளவேனிலில் நிகழவேண்டுமெனத் தோரா விதிக்கின்றது. மாதங்களோ சந்திரனைப் பின்பற்றுவன. பன்னிரு சந்திர மாதங்கள் ஏறத்தாழ 354 நாட்களேயாதலின் சூரிய ஆண்டினும் 11 நாட்கள் குறையும். இக்குறையை நிரப்பாது விட்டிருப்பின், இஸ்லாமியத் திருநாட்களைப் போன்று பாஸ்காவும் பருவங்கள் யாவற்றினூடும் நகர்ந்து சென்றிருக்கும். அதனைத் தவிர்க்கவே இடையிடையே பதின்மூன்றாவது மாதமொன்று சேர்க்கப்பட்டது.

மாதத்தின் தொடக்கமும் பிறை கண்டோர் சாட்சியத்தாலேயே உறுதிசெய்யப்பட்டது. கி.பி. 200ஐ அண்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா இந்நடைமுறையை விரிவாகக் கூறுகின்றது. சாட்சிகள் ஓய்வுநாள் விதியை மீறியும் பயணஞ்செய்ய அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் ஊக்கத்துடன் வரவேண்டுமென்பதற்காக யெருசலேமில் அவர்களுக்குப் பெருவிருந்தும் அளிக்கப்பட்டது. மன்றம் மாதத்தை அறிவித்ததும் ஒலிவ மலையில் தீ மூட்டப்பட்டது. அதனைக் கண்டு அடுத்த மலையிலும், பின் அதற்கடுத்த மலையிலுமாகப் பாபிலோனிய யூதர் வாழ்ந்த திசை நோக்கித் தீ சென்றது. சமாரியர் பொய்த் தீ மூட்டிக் குழப்பம் விளைத்தமையால் பின்னர்த் தூதர் அனுப்பப்பட்டனர். தூதர் உரிய காலத்திற் சென்றடைய முடியாத தொலைவில் வாழ்ந்தோர், முந்திய மாதம் 29 நாட்களைக் கொண்டதா 30 நாட்களைக் கொண்டதா என அறியாது, ஐயத்தின் காரணமாகத் திருநாளை இரு நாட்கள் அனுட்டித்தனர்.

நாட்கணிப்பில் வேறுபடுதல் சமூகத்தினின்றும் வேறுபடுதலாகவே கருதப்பட்டமைக்குச் சாக்கடற் சுருள்கள் சான்றாகும். 1947ஆம் ஆண்டு முதல் கண்டெடுக்கப்பட்ட இச்சுருள்களுட் பல 364 நாட்கள் கொண்ட ஆண்டினை முன்வைக்கின்றன. அது சரியாக 52 வாரங்களைக் கொண்டதாதலின் திருநாட்கள் என்றும் ஒரே கிழமையில் வரும். இந்நாட்காட்டியைப் பின்பற்றியோர் யெருசலேமில் ஆலயம் விழாக்கொண்டாடிய நாளில் தாம் விழாக்கொண்டாடவில்லை.

கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை அழித்தனர். பலியிட இடமில்லை, யாத்திரை செல்ல ஆலயமில்லை. எஞ்சி நின்றது நாட்காட்டியே. யவ்னே என்னும் ஊரில் அறிஞர் மன்றம் இயங்கிய அக்காலத்து நிகழ்ச்சியொன்றை மிஷ்னா கூறுகின்றது. பிறை கண்டதாக இருவர் சாட்சியமளித்தனர். ஆனால் மறுநாள் இரவு பிறை தோன்றவில்லை. எனினும் மன்றத் தலைவர் இரண்டாம் கமாலியேல் அச்சாட்சியத்தை ஏற்றார். முதல்நாட் கண்ட பிறை மறுநாள் வளர்ந்தன்றோ தோன்றவேண்டும்? சாட்சியம் பொய்யென்றார் ஒருவர்; பேரறிஞரான ரபி யோசுவாவும் அதற்கு இசைந்தார். அவ்வாறாயின் ஆண்டின் அதிபுனித நோன்பாகிய பாவப்பரிகார நாளும் வேறு நாளாகிவிடும். கமாலியேல் யோசுவாவுக்கு ஆணையொன்று அனுப்பினார்: யோசுவாவின் கணக்கின்படி பாவப்பரிகார நாளாக அமையும் அதே நாளிற் கைக்கோலும் பணப்பையும் ஏந்தித் தம்முன் வரவேண்டும் என்பதே அது.

தாம் புனிதமென நம்பிய நாளைத் தாமே மீறவேண்டிய நிலை யோசுவாவைப் பெரிதும் வருத்திற்று. மன்றம் தவறியே நாள் குறித்திருப்பினும் குறித்த நாளே திருநாளாகும் என ரபி அக்கீவா தோராவிலிருந்து அவருக்குக் காட்டினார். யோசுவா பணிந்து சென்றார். கமாலியேல் எழுந்துநின்று அவரை முத்தமிட்டு, அறிவில் தம் ஆசிரியரெனவும் பணிவில் தம் மாணவரெனவும் போற்றினார். வானத்து உண்மை யோசுவாவின் பக்கம் நின்றிருக்கலாம். ஆயின், நிலமும் ஆலயமும் இழந்த மக்கள் ஒரே நாளில் நோன்பிருக்கவும் தவறினால் அவர்களை இணைப்பது வேறெதுவுமில்லை. எனினும் இவ்வதிகாரம் எல்லையற்றதாக விடப்படவில்லை. யோசுவாவை மேலும் மேலும் அவமதித்தமையால் அறிஞர்கள் கமாலியேலைத் தலைமையினின்றும் நீக்கினர் எனவும், அவர் யோசுவாவிடம் மன்னிப்புக் கேட்ட பின்னரே அப்பதவியை மீண்டும் பெற்றார் எனவும் தல்மூது கூறும்.

காலப்போக்கிற் கண்ணாற் காணுதலின் இடத்தைக் கணிதம் பெற்றது. இம்மாற்றத்தை நான்காம் நூற்றாண்டினரான இரண்டாம் ஹில்லேலுக்கு உரியதாக்குவது மரபு. அது பல நூற்றாண்டுகளிற் படிப்படியாக உருப்பெற்றது என்பதே ஆய்வாளர் கொள்கை. 19 ஆண்டுகளில் ஏழு முறை மிகைமாதம் சேர்த்தல் இதன் அடிப்படை. கணிதமும் பிணக்கை முற்றாக ஒழிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்திலும் குறைந்த கணிப்பு வேறுபாட்டினால் கி.பி. 922ஆம் ஆண்டுப் பாஸ்காவைப் பலஸ்தீனத்து பென் மெயிர் ஞாயிற்றுக்கிழமைக்கும் பாபிலோனிய அறிஞர் செவ்வாய்க்கிழமைக்கும் குறித்தனர். அறிஞர் சாதியா துணைநின்ற பாபிலோனியர் கணிப்பே நிலைத்தது. நாள் குறிக்கும் அதிகாரம் பலஸ்தீனத்திலிருந்து புலம்பெயர்ந்தோரிடம் சென்றுவிட்டமையை இது காட்டுகின்றது.

கணிதம் வந்தபின் தூதரின் தேவையும் ஐயமும் நீங்கின. எனினும் முன்னோர் வழக்கத்தைக் கைவிடற்க எனப் புலம்பெயர்ந்தோர்க்குப் பலஸ்தீனத்திலிருந்து அறிவுறுத்தப்பட்டதாகத் தல்மூது கூறுகின்றது. மரபு பேணும் யூதர் இஸ்ரவேலுக்கு வெளியே இன்றும் யாத்திரை விழாக்களின் புனித நாட்களை இரட்டித்தே அனுட்டிக்கின்றனர். உரிய நாளை அறியாது தூதரை எதிர்பார்த்திருந்தோரின் ஐயம், அவர்தம் வழித்தோன்றல்களுக்குத் திருநாளின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.