ஆரணிப் பட்டு கடந்து வரும் காற்று

ஆரணித் தறியில் ஏறும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே புழு வளர்ப்பு மனையிலேயே காற்றுக் கணக்கு தொடங்கிவிடும். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 85 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதமும் வேண்டும். முதிர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 சதவீதமும் போதும். ஆனால் காற்றோட்டம் தாராளமாக இருக்க வேண்டும். ஒரே புழுவுக்கே வயதுக்கு ஏற்றபடி வேறு வேறு காற்று!

ஆரணிக்கு வந்த நூலை சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு அதன் பசையை நீக்குகிறார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். பிறகு சாயம் ஏறி, காய்ந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவாகிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் பட்டுக்கு உண்டு. அதனால் வணிகத்திலேயே 11 சதவீத ஈரத்தை இயல்பு என்று கொண்டு எடை பார்க்கிறார்கள். காற்று வறண்டால் இழை விறைத்து அறும். ஈரம் மிஞ்சினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஜரிகையும் கறுக்கும்.

அதனால்தான் தெருவில் பாவு போடுவது விடியற்காலை வேலையாக இருக்கிறது. வெயிலும் காற்றும் கிளம்புவதற்குள் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சுருட்டிவிட வேண்டும். குழித்தறியில் நெய்பவர் பள்ளத்துக்குள் காலை விட்டு உட்காருகிறார். பாவு தரையை ஒட்டி ஓடுகிறது. மண்தரையின் ஈரம் நூலுக்குத் துணை. வறண்ட மேல்காற்று வீசும் மதியத்தில் சன்னலைச் சாத்தினால் நூல் பிழைக்கும். நெய்பவருக்கு வேர்த்துக் கொட்டும்.

காற்றோடு இப்படி மல்லுக்கட்டியது ஆரணி மட்டுமல்ல. நூலும் தாளும் படுத்திய பாட்டில் பிறந்ததுதான் ஏர்கண்டிஷன். 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றுக்காக, தாள் ஈரத்தில் விரிந்து வண்ணங்கள் விலகுவதைத் தடுக்க ஒரு முறையை வடிவமைத்தார். 1906இல் ஸ்டூவர்ட் கிரேமர் அமெரிக்கப் பஞ்சாலைகளின் காற்றுக்கு ஈரமூட்டும் வழியைக் கண்டார். 1907இல் கேரியரின் கருவி முதன்முதலாகக் கடல் கடந்து போனது ஜப்பானின் யோகோஹாமாவுக்கு, ஒரு பட்டாலைக்கு. மனிதர்களின் சுகத்துக்காக அது பரவலானது பிறகுதான்.

நெய்து மடித்த புடவை நகரத்துப் பெரிய ஜவுளிக்கடைக்குப் போகிறது. அங்கே ஒரே மாடியில் பல தட்பவெப்பம். மேற்குக் கண்ணாடிப் பக்கம் மாலை வெயிலில் காயும். முகூர்த்தப் பட்டுப் பிரிவில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். கிடங்குப் பக்கம் ஆளே இருக்காது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு குளிர்காற்றை அனுப்பினால் ஓரிடம் புழுங்கும், இன்னோரிடம் நடுங்கும். இதற்கான தீர்வுதான் வி.ஏ.வி. எனப்படும் மாறும் காற்றளவு முறை.

இதில் மாடியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் கூரைக்கு மேலே ஒரு தகரப் பெட்டி வைக்கிறார்கள். உள்ளே ஒரு தடுப்புத் தகடு. சுவரில் அதற்கான தெர்மோஸ்டாட். ஏரி மதகைத் திறந்து மூடுவதுபோல, அந்தப் பகுதிக்கு வேண்டிய காற்றை மட்டும் தகடு விடுகிறது. பல தகடுகள் மூடும்போது குழாயில் அழுத்தம் ஏறும். குழாயிலுள்ள அழுத்த உணரி அதைச் சொன்னதும் காற்றை அனுப்பும் விசிறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் 80 சதவீதமானால் விசிறிக்கு ஆகும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆட்கள் இருக்கும் இடத்தில் தகடு முழுவதும் மூடக்கூடாது; மூச்சுக்குப் புதுக்காற்று வேண்டும். தெர்மோஸ்டாட்டை விளக்குக்குப் பக்கத்தில் மாட்டினால் விளக்கின் சூட்டை அறையின் சூடாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாமல் குளிரைக் கொட்டும்.

பட்டுக்கும் இந்த முறை ஒத்துவருகிறது. குழாயில் வரும் காற்று சுமார் 13 டிகிரி வரை குளிர்ந்து, ஈரத்தைக் குளிர்சுருளிலேயே விட்டுவிடுகிறது. கடைக்குள் அது 24 டிகிரியை எட்டும்போது ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும். குளிர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ காற்றின் அளவு மாறுகிறது. அதன் வறட்சி பெரிதாக மாறுவதில்லை. சென்னை போன்ற கடலோர ஊரில் ஜரிகைக்கு இது பெரிய பாதுகாப்பு.

விற்கும் இடத்தில் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம். நெய்யும் இடத்தில் யார் பார்க்கிறார்கள்? தறிக்கூடத்துக்குத் தேவை விலையுயர்ந்த எந்திரமல்ல, இடம் பிரித்துப் பார்க்கும் அறிவுதான். சாய அடுப்பின் ஆவி தறிப்பக்கம் வராமல் தனியே வெளியேற வேண்டும். பாவுக்கு ஈரமான, அலையாத காற்று வேண்டும். நெய்பவரின் முகத்துக்கும் முதுகுக்கும் ஓட்டமுள்ள காற்று வேண்டும். அது பாவின் மேல் நேராகப் படக்கூடாது. கூரைக்கு அடியில் தேங்கும் சூடு வெளியேற உச்சியில் திறப்பு வேண்டும். கைத்தறித் திட்டங்களில் தறிக்கூடம் கட்ட உதவி உண்டு. அதற்கு வரைபடம் போடுபவர்கள் இந்த நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளட்டும். புடவைக்குக் கிடைக்கும் நல்ல காற்று, அதை நெய்தவருக்கும் கிடைத்தாக வேண்டும்.