எழுத்தாளனுக்கு அணை எது?

ஜேடர்பாளையத்துத் தடுப்பணையருகே நிற்கிறோம். காவிரி நீர் ராஜா வாய்க்காலில் திரும்பி, கரும்பையும் வாழையையும் வளர்க்கிறது. மழையை மட்டும் நம்பினால் உழவன் வாழ முடியாது என்று கண்டவர்கள் அணை கட்டினார்கள். எழுத்தை நம்பி வாழ்பவனுக்கு நாம் கட்டிய அணை எது?

வரலாற்றைப் புரட்டுவோம். புரட்சிக்கவிஞர் பாரதிதாசன் புகழ் பெற்ற பின்னும் பிரெஞ்சு ஆட்சிப் புதுவையில் பள்ளித் தமிழாசிரியராகவே இருந்தார். 1946இல் அண்ணா முன்னின்று 25,000 ரூபாய் பொற்கிழி திரட்டி வழங்கினார். அது பிச்சையா? அன்று! தமிழகம் பட்ட கடனைத் தீர்த்த நாள் அது. பின்னர், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை 1950இல் ‘பொன்முடி’ என்னும் படமாக்கிற்று. சம்பளம், பொற்கிழி, திரைப்படம்: கவிஞருக்குக் கிடைத்த துணைகள் இவை. அத்தகைய பொற்கிழி எல்லார்க்கும் கிட்டவில்லை. புதுமைப்பித்தன் 1948இல், 42 வயதில், காசநோயாலும் வறுமையாலும் வாடி மாண்டார்.

பசியை வென்றவனுக்கேனும் விடுதலை உண்டா? திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்த பெருமாள்முருகன், அப்போது நாமக்கல் அரசு கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். மாதச் சம்பளம் இருந்தது. பிள்ளையில்லாத தம்பதியரின் துயரையும், கோயில் திருவிழாவையொட்டிய பழைய வழக்கொன்றையும் சொல்லும் ‘மாதொருபாகன்’ நாவலை 2010இல் வெளியிட்டார். 2014 டிசம்பரில் சாதியும் மதமும் கைகோத்து அந்நூலைக் கொளுத்தின. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய ‘சமாதான’க் கூட்டத்தில் அவர் மன்னிப்பு எழுதிக் கொடுக்க நேர்ந்தது. தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். வயிறு நிறைந்திருந்தது, வாய் அடைபட்டது!

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுதினார். 2023இல் ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது, ‘ஆளண்டாப் பட்சி’யின் மொழிபெயர்ப்பு அதே ஆண்டு ஜேசிபி பரிசு பெற்றது. உள்ளூரில் எரிக்கப்பட்ட எழுத்தை உலகம் வரவேற்றது.

இளைஞர்களே! எழுத்தாளனுக்கு இரண்டு அணைகள் வேண்டும்: பசிக்கு ஒன்று, அச்சத்துக்கு ஒன்று. முதலாவதை, நூலை இரவல் கேளாமல் விலை கொடுத்து வாங்கும் வாசகன் கட்டுகிறான். இரண்டாவதை நீதிமன்றம் மட்டும் கட்ட முடியாது. தீர்ப்பு வருவதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. கூட்டம் திரள்வதற்கோ ஒரே நாள் போதும். அந்த நாளில் எழுத்தாளன் தனியாக நிற்கலாமா? அவன் பக்கத்தில் நாம் நிற்போம். அவன் எழுதியதை மறுக்க விரும்புவோர் மறுத்து எழுதட்டும், தீக்குச்சி விடையாகாது.