விரவல் எம்.ஆர்.ஐ. வரலாறு

விரவல் எம்.ஆர்.ஐ. என்பது உடல் திசுக்களில் உள்ள நீர் மூலக்கூறுகளின் இயல்பான அலைவை அளந்து, அதன் வழியாகத் திசுவின் நிலையை அறியும் காந்த அதிர்வுப் படிம முறையாகும். இதற்கென எந்த மருந்தையும் ஊசி வழியே செலுத்த வேண்டியதில்லை. 1980களின் நடுவில் தோன்றிய இம்முறை, பக்கவாதத்தை அதன் முதல் மணி நேரங்களிலேயே கண்டறிய முக்கியமாகப் பயன்படுகிறது. மூளையின் நரம்பிழைகள் செல்லும் பாதைகளை வரையவும் இது உதவுகிறது.

ஒரு குவளை நீரில் மைத்துளி விட்டால், யாரும் கலக்காமலே அது மெல்லப் பரவுவதைப் பள்ளிப் பாடத்தில் விரவல் என்று படிக்கிறோம். மையே இல்லாவிட்டாலும் நீர் மூலக்கூறுகள் இப்படித்தான் ஓயாமல் அலைகின்றன. 1827இல் இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் துள்ளுவதை நுண்ணோக்கியில் கண்டார். நீர் மூலக்கூறுகள் மோதுவதே அதற்குக் காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணித வழியில் விளக்கினார். உடல் வெப்பநிலையில் உள்ள தூய நீரில் ஒரு மூலக்கூறு, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள், ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரோமீட்டர் அளவு நகர்கிறது. இது ஏறத்தாழ ஓர் உயிரணுவின் அளவாகும். திசுவுக்குள் அலையும் நீர் வழியில் சவ்வுகளிலும் இழைகளிலும் மோதுவதால் அதன் நகர்வு குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்று அளந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடைகளைப் பற்றி அறியலாம்.

தொல்லையாக இருந்த காலம்

அணுக்கருக் காந்த அதிர்வை 1946இல் பிளாக்கும் பர்செல்லும் தனித்தனியே கண்டறிந்தனர். 1950இல் எர்வின் ஹான் ‘சுழல் எதிரொலி’ என்னும் முறையை வெளியிட்டபோது, மூலக்கூறுகள் இடம் மாறுவதால் எதிரொலிக் குறிகை வலுவிழப்பதையும் குறிப்பிட்டார். அன்றைய இயற்பியலாளர்களுக்கு இது பெரிதும் ஓர் இடைஞ்சல். அந்த இழப்பையே அளவுகோலாக மாற்றும் செம்மையான வழியை 1965இல் ஸ்டெய்ஸ்கல், டானர் ஆகிய இருவரும் தந்தனர். இன்றைய மருத்துவமனைக் கருவிகளும் அடிப்படையில் அவர்கள் வழியையே பின்பற்றுகின்றன.

அதைப் பள்ளித் திடலில் நடக்கும் உடற்பயிற்சியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட கட்டங்கள் உள்ளன. கட்டத்துக்கு ஒருவராக எல்லா மாணவரும் முன்நோக்கி நிற்கின்றனர். முதல் விசிலுக்கு ஒவ்வொருவரும் தம் கட்டத்தின் எண்ணுக்கு ஏற்றபடி வலப்புறம் திரும்ப வேண்டும். சற்று நேரம் கழித்து இரண்டாம் விசில் ஒலிக்கும்போது, அப்போது நிற்கும் கட்டத்தின் எண்ணுக்கு ஏற்றபடி இடப்புறம் திரும்ப வேண்டும். இடம் மாறாதவர்கள் மீண்டும் நேராக முன்நோக்குவர். இடையில் கட்டம் மாறியவர்களோ வேறு திசையில் நிற்பர். மாணவர்களுக்குப் பதில் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், விசிலுக்குப் பதில் இடத்திற்கு இடம் வலிமை மாறும் இரு காந்தப்புலத் துடிப்புகள். நீர் எவ்வளவு அதிகமாக அலைந்ததோ அவ்வளவுக்குக் குறிகை குறையும். எனவே அலைவு மிகுந்த இடம் படத்தில் கருமையாகவும், அலைவு தடைப்பட்ட இடம் வெண்மையாகவும் தெரியும்.

கல்லீரலில் தோல்வி, மூளையில் வெற்றி

1984இல் பாரிசில் டெனி லெ பியான் என்ற இளைஞர் கதிரியக்க மருத்துவமும் இயற்பியலும் ஒருங்கே பயின்றுகொண்டிருந்தார். கல்லீரலில் தெரியும் ஒரு கட்டி புற்றுநோயா, தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டியா என்று எம்.ஆர்.ஐ. மூலம் பிரித்தறிய முடியுமா என்னும் கேள்வி அவர் முன் வந்தது. நீரின் அலைவை அளந்தால் வேறுபாடு தெரியலாம் என்று கருதி, 0.5 டெஸ்லா கருவியில் முயன்றார். மூச்சு விடும்போதெல்லாம் கல்லீரல் அசைந்ததால் படங்கள் பயனற்றுப்போயின. மைக்ரோமீட்டர் அளவு நகர்வைத் தேடுகையில் உறுப்பே சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்தால் என்ன செய்வது? அதனால் அவர் மண்டையோட்டுக்குள் ஓரளவு அசைவின்றி இருக்கும் மூளைக்கு மாறினார். மனித மூளையின் விரவல் படங்கள் பற்றிய அவரது கட்டுரை 1986இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வேறு சிலரும் இவ்வழியில் முயன்றுவந்தனர்.

மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது 1990இல் சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் மோஸ்லியின் குழு பூனைகளில் செய்த ஆய்வு. மூளைக்குச் செல்லும் ஒரு தமனியை அடைத்துப் படமெடுத்தபோது, 45 நிமிடங்களுக்குள்ளேயே பாதிக்கப்பட்ட பகுதி விரவல் படத்தில் தெரிந்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் அதே பகுதி தெரியச் சில மணி நேரம் ஆனது. இரத்தம் கிடைக்காத உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றும் பம்பு நின்றுவிட, நீர் உள்ளே புகுந்து அவை வீங்குகின்றன. அவற்றுக்கு இடையிலான சந்துகள் குறுகி, நீரின் அலைவு தடைப்படுகிறது. பொதுவாகத் தரப்படும் விளக்கம் இதுவே. இதன் நுட்பங்களில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மனிதரிடம் இதைச் செய்யப் படம் நொடிப்பொழுதில் எடுக்கப்பட வேண்டும். பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு 1977இல் முன்மொழிந்த அதிவேகப் படமுறை, கருவிகள் வலுப்பெற்ற 1990களில் இதற்குக் கைகொடுத்தது.

நேரம் தெரியாத நோயாளிகள்

பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டெபிளேஸ் மருந்தை, அறிகுறி தோன்றி 4.5 மணி நேரத்திற்குள் கொடுப்பதே வழக்கம். இரவில் நன்றாகப் படுத்து, காலையில் கைகால் விளங்காமல் எழுபவருக்கு நோய் எப்போது வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? நேரம் தெரியாத காரணத்தால் இத்தகையோர் நெடுங்காலம் இச்சிகிச்சைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இம்முறை வந்ததால் விளைந்த நன்மைகளுள் இவர்களுக்குக் கிடைத்ததையே தலையாயதாகச் சொல்ல வேண்டும்.

விரவல் படத்தில் சேதம் விரைவில் தெரிகிறது. ‘ஃபிளேர்’ எனப்படும் மற்றொரு எம்.ஆர்.ஐ. படத்தில் தாமதமாகவே தெளிவாகிறது. முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், நோய் வந்து 4.5 மணி நேரம் கடந்திருக்க வாய்ப்பு குறைவு. படமே கடிகாரம் ஆகிறது. இந்த எண்ணத்தைச் சோதித்த ‘வேக்-அப்’ ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. 800 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வு, நிதி தொடராததால் 503 பேருடன் நின்றது. 90 நாட்களுக்குப் பின் மருந்து பெற்றவர்களில் 53.3 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 41.8 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தனர். மருந்து பெற்றோரிடம் மூளை இரத்தக்கசிவு சற்றுக் கூடுதலாக இருந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நரம்புப் பாதைகள்

மூளையின் வெண்பொருளில் நரம்பிழைகள் கற்றைகளாக ஓடுகின்றன. மரத்தின் ஈரம் அதன் நார்வழியே எளிதாகச் செல்வதுபோல, நீரும் இழையின் போக்கிலேயே அதிகம் நகர்கிறது. குறுக்கே குறைவாக நகர்கிறது. பீட்டர் பாசர், மட்டியெல்லோ, லெ பியான் ஆகியோர் 1994இல் இத்திசைசார்பை ‘டென்சர்’ என்னும் கணித வடிவில் கொண்டுவந்தனர். குறைந்தது ஆறு திசைகளில் அளந்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இழை எப்பக்கம் ஓடுகிறது என்று கணிக்கலாம். 1999 முதல் இப்புள்ளிகளைத் தொடுத்து முழுப் பாதைகளையும் வரையலாயினர். இதழ்களின் அட்டைகளில் காணும் வண்ணமயமான மூளைப் படங்கள் இவ்வாறு பிறந்தவை.

அவற்றின் அழகில் மயங்கி, நரம்புகளையே நேரில் கண்டதாக எண்ணிவிடக் கூடாது. படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுடையது. அதற்குள் எண்ணற்ற இழைகள் அடங்கும், பல இடங்களில் அவை ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். 2017இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், விடை முன்பே அறிந்த ஒரு செயற்கை மூளைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்துப் பாதைகளை வரையச் சொன்னார்கள். பெரும்பாலான உண்மைப் பாதைகளை அவர்கள் கண்டுபிடித்தனர். ஆனால் இல்லாத பாதைகளையும் ஏராளமாக வரைந்திருந்தனர். எனவே மூளைக்கட்டியை அகற்றும் அறுவை மருத்துவர்கள் இப்படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டாலும், பேச்சு, கையசைவு ஆகியவற்றுக்கான பாதைகள் அருகில் இருக்கும்போது, மெல்லிய மின்தூண்டலால் அவ்விடத்தைச் சோதித்த பிறகே கத்தியை வைக்கின்றனர். பேச்சுப் பாதையைச் சோதிக்க நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.