ஐந்து கணிப்பொறிகளும் ஒரு பிழையும்



வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுக்கிறோம். நான்கு மாணவர்கள் ஒரே விடையைக் காட்டுகிறார்கள். ஐந்தாமவன் வேறு விடையைக் காட்டுகிறான். தவறு யாருடையது? ஐந்தாமவனைத்தான் கைகாட்டத் தோன்றும். ஆனால் சில ஆண்டுகள் பாடஞ்சொல்லிப் பழகியவர்கள் சற்றே பொறுப்பார்கள். நால்வரும் தனித்தனியே போட்டார்களா, அல்லது ஒருவனைப் பார்த்து மற்ற மூவரும் எழுதினார்களா என்று முதலில் விசாரிப்பார்கள். 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்கு இப்படி ஒரு விசாரணையை நடத்தும்படி நேர்ந்தது. அங்கே விடை எழுதியவர்கள் மாணவர்கள் அல்லர், கணிப்பொறிகள்.

கொலம்பியா என்ற விண்ணோடம் முதன்முதலாகப் பறக்கவிருந்த நேரம் அது. அதன் விமானி கைப்பிடியை அசைத்தால், அந்த அசைவு நேரே இறக்கைக்குப் போவதில்லை. கணிப்பொறிக்குப் போய், அது கட்டளையிட்ட பிறகே இறக்கையின் மடிப்புகள் அசையும். கணிப்பொறி நின்றால் விண்ணோடம் வெறும் கல்தான். ஆகவே ஒரே வேலையைச் செய்ய நான்கு கணிப்பொறிகளை வைத்தார்கள். அவை ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துக்கொள்ளும். ஒன்று மாறுபட்டால் மற்ற மூன்றும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தப் பெரும்பான்மை வழி புதியதன்று. நம்பமுடியாத உறுப்புகளைக் கொண்டே நம்பத்தக்க இயந்திரத்தை அமைக்கலாம் என்று கணித மேதை வான் நாய்மன் 1956-இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கியிருந்தார். 1967-இல் பிரிபராட்டா, மெட்ஸே, சியென் என்ற மூவர் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டனர். கணிப்பொறிகள் ஒன்றையொன்று சோதிக்கலாம், சரி. ஆனால் சோதிப்பதே பழுதானதாக இருந்தால் அதன் சாட்சியை எப்படி நம்புவது? பழுதானவற்றைவிட நல்லவை எண்ணிக்கையில் அதிகமாக இருந்தால்தான் குற்றவாளியைத் தவறாமல் கண்டுபிடிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். இரண்டு பழுதாகலாம் என்று அஞ்சினால் ஐந்தாவது வேண்டும்.

உறுப்பு கெடுகிற வகைப் பழுதுக்கு இப்படிப் பல இயந்திரங்களை வைப்பது நன்றாகவே உதவியது. 1983 டிசம்பர் 8-ஆம் நாள் இதே கொலம்பியா தரையிறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, திசைதிருப்பும் சிறு ராக்கெட்டுகள் அதிர்ந்தபோது, சில நிமிடங்களுக்குள் இரண்டு கணிப்பொறிகள் நின்றுபோயின. எஞ்சியவை இயங்கின. தரையிறக்கம் ஏறக்குறைய எட்டு மணி நேரம் தள்ளிப்போனாலும் எல்லோரும் நலமாக வந்து சேர்ந்தனர். உள்ளே தளர்ந்து திரிந்த ஈயப் பற்றவைப்பின் துகளே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

ஆனால் நான்கிலும் இருப்பது ஒரே ஆணைத்தொடர். அதை எழுதியது ஐ.பி.எம். நிறுவனம். அந்த எழுத்திலேயே பிழை இருந்தால் நான்கும் ஒருசேரத் தவறும். ஒன்றையொன்று பார்த்து மெச்சிக்கொண்டே தவறும்! அதற்காகவே, ராக்வெல் என்ற வேறு நிறுவனம் எழுதிய ஆணைத்தொடரோடு ஐந்தாவது கணிப்பொறி ஒன்றைச் சேர்த்தார்கள். அது நால்வரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டபடி சும்மா இருக்கும். விமானி பொத்தானை அழுத்தினால் மட்டுமே பொறுப்பேற்கும்.

ஏப்ரல் 10-ஆம் நாள் புளோரிடாவில் ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் இருவரும் இருக்கையில் கட்டப்பட்டுக் காத்திருந்தனர். புறப்பட ஏறத்தாழ இருபது நிமிடங்கள் இருக்கையில் ஐந்தாவது கணிப்பொறி மற்ற நான்கோடும் சேர மறுத்தது. நான்கும் ஒற்றுமையாக இருந்தன. பல மணி நேரம் முயன்றும் பயனில்லை. பயணத்தை நிறுத்திவிட்டார்கள்.

பிழை எங்கே? இதில்தான் வியப்பு. நான்கையும் இயக்கத் தொடங்கும்போது, முதலில் உயிர்பெறும் கணிப்பொறி மையக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடக்க நேரத்தைக் குறித்துக்கொள்ளும். மற்றவை அதனிடம் கேட்டுக்கொள்ளும். இரண்டாண்டுகளுக்கு முன் ஆணைத்தொடரின் ஓரிடத்தில் ஒரு சிறு தாமதத்தைச் சேர்த்திருந்தார்கள். அது அந்த நேரக் கணக்கில் போய்க் கைவைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அந்தத் தாமதத்தைச் சற்றே நீட்டினார்கள். அதன் பயனாக, இயந்திரங்களைப் புதிதாக இயக்கும் ஒவ்வொரு தடவையும் 67-இல் 1 என்ற அளவில் கணக்குப் பிசகும் வாய்ப்பு உண்டாகிவிட்டது. அப்படிப் பிசகினால் நான்கும் தம் வேலைகளில் சிலவற்றை ஒரு சுற்று முன்னதாகவே தொடங்கிவிடும்.

தோட்டத்தில் பெரட்டு மணி அடிப்பவரின் கடிகாரம் முந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டமே முந்தி எழும். லயத்தில் யாருக்கும் யார்மீதும் குறை தோன்றாது. வெளியிலிருந்து வரும் பால் லாரிக்காரருக்குத்தான் ஏதோ மாறாகத் தெரியும். ஐந்தாவது கணிப்பொறியின் நிலையும் அதுதான். எதிர்பாராத வேளையில் வந்த செய்திகளை அது வெறும் இரைச்சல் என்று தள்ளிவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கோ, பிடிவாதக்காரன் அதுதான்.

சோதனைக்கூடத்தில் இது ஏன் அகப்படவில்லை என்று கேட்கலாம். அங்கே ஒவ்வொரு சோதனைக்கும் இயந்திரங்களை அடியிலிருந்து தொடங்குவதில்லை. முன்பே சேமித்து வைத்த ஒரு நிலையிலிருந்து தொடங்குவதே வழக்கம், நேரம் மிச்சம். பிழையோ தொடக்கத்தில்தான் ஒளிந்திருந்தது. நாமும் பரீட்சைக்கு முன் கடைசிப் பாடங்களையே திருப்பிப் படிக்க வைக்கிறவர்கள்தாமே!

காரணத்தைக் கண்டபின் மருந்து மிக எளியதாக இருந்தது. ஆணைத்தொடரில் ஓர் எழுத்தையும் அப்போது திருத்தவில்லை. கணிப்பொறிகளை மீண்டும் புதிதாக இயக்கினார்கள். 67-இல் 66 பங்கு அவர்கள் பக்கம் இருந்தது. நேரம் சரியாகக் குறிக்கப்பட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால், பயணம் முடியும்வரை அந்தப் பிசகு மறுபடி வர வழியில்லை. ஏப்ரல் 12-ஆம் நாள், யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று சரியாக இருபதாண்டுகள் நிறைந்த காலையில், ஐந்து கணிப்பொறிகளும் ஒத்துப்போக, கொலம்பியா புறப்பட்டது.