ஃபுளோரா நீரூற்றும் சவுதார் குளமும்



கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில், மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குகிறோம். வெளியே வந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் சிவந்த விக்டோரியா பொது மண்டபம் தெரியும். அதன் முற்றத்தில் சென்னை ஆளுநராக இருந்த ட்ரெவெல்யன் பெயரில் ஒரு பழைய நீரூற்று உண்டு. ஆயிரம் முறை அந்த வழியே போயிருப்போம். அது யாருக்காகக் கட்டப்பட்டது, அந்த நகரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நின்று கேட்டதில்லை.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறேன். ஆனால் இந்த நீரூற்றை வைத்து அல்ல. இதைவிடப் பெயர்பெற்ற மும்பை ஃபுளோரா நீரூற்றை வைத்து. காரணம், அந்த நீரூற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் நம் மக்களின் தண்ணீர் உரிமை வழக்கு தீர்ப்பானது. அழகுக்காக நீரை வானத்தில் வீசிய நகரமும், குடிக்கும் நீருக்காக நம்மை நீதிமன்றப் படியேற வைத்த நகரமும் ஒன்றே.

முதலில் நீரூற்றின் கதை. பம்பாய்க் கோட்டைக்கு மதில் இருந்தது. மதிலில் வாயில்கள் இருந்தன. அவற்றில் ஒன்று சர்ச் கேட். 1860-களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில் மதிலை இடித்தார்கள். சர்ச் கேட் வாயில் இருந்த இடத்தில் 1864-இல் எழுந்ததுதான் இந்த நீரூற்று. வடிவமைத்தவர் ரிச்சர்டு நார்மன் ஷா, செதுக்கியவர் ஜேம்ஸ் ஃபோர்சித். கல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் கல். உச்சியில் நிற்பவள் ஃபுளோரா, ரோமானியர்களின் பூக்களின் தேவதை. முதலில் இதை விக்டோரியா தோட்டத்தில் வைத்து ஃபிரேரின் பெயரைச் சூட்டுவதாகத்தான் திட்டம். பிறகு இடமும் பெயரும் மாறின. செலவு ஏறக்குறைய 47,000 ரூபாய். அதில் பெரும்பங்கை குர்செட்ஜி ஃபர்தூன்ஜி பரேக் என்ற பார்சி செல்வந்தர் கொடுத்தார்.

இவ்வளவு பணம் அந்த ஆண்டுகளில் எங்கிருந்து வந்தது? 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கே அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள் விளைவித்த பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்கு வரவில்லை. அந்த இடத்தை இந்தியப் பருத்தி நிரப்பியது. விலை பல மடங்கு ஏறியது. பம்பாய் வணிகர்கள் கையில் பணம் கொட்டியது. 1865-இல் போர் முடிந்ததும் அந்த வீக்கம் வெடித்துப் பலர் திவாலானார்கள். நீரூற்று மட்டும் நின்றுவிட்டது. பருத்தி எடுத்த கைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பணம் மட்டும் இருந்தால் நீரூற்று பீச்சாது, தண்ணீரும் வேண்டும். 1850-களில் பம்பாய் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்தது. அதன் பிறகே நகரத்துக்கு வெளியே விகார் ஏரியை அமைத்து, 1860-இல் குழாய் வழியே நீரைக் கொண்டுவந்தார்கள். அடுத்து துளசி, தான்சா ஏரிகள். ஒரு நகரம் வளரும்போது பக்கத்துக் கிராமத்துத் தண்ணீர் குழாயில் ஏறி நகரத்துக்குப் போகும். இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல, பிறகு இதற்கு வருகிறேன்.

இப்போது பின்னாளில் அதே நகரத்துக்கு வந்து படித்த ஒரு பிள்ளையின் கதை. 1891-இல் பிறந்த பீமராவ் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் தாகம் எடுத்தால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத் தாங்களே குழாயைத் திறந்து குடிப்பார்கள். இவர் குழாயைத் தொடக் கூடாது, பியூன் வந்துதான் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. இது கிணறும் வாளியும் அல்ல, குழாய் என்பதைக் கவனியுங்கள். நவீனப் பொறியியல் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. சாதி அந்தக் குழாயின் திருகை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவர் பிறகு எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-இல் பட்டம் பெற்றார். கல்லூரி, ஃபுளோரா நீரூற்றிலிருந்து கொஞ்ச தூரம்தான். கொலம்பியா போனார், லண்டன் போனார். 1918-இல் சிடனாம் கல்லூரிப் பேராசிரியர் ஆனார். அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அவர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பள்ளிக் குழாயிலிருந்து கல்லூரிப் பாத்திரம் வரை அவரைத் துரத்தியது ஒரே கேள்வி: பொதுவில் உள்ள தண்ணீர் பொதுவானதா?

1923 ஆகஸ்டில் எஸ்.கே. போலே பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டப்பட்ட, பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள், அலுவலகங்கள், மருத்துவமனைகள் எல்லாம் தீண்டப்படாத மக்களுக்கும் திறந்தவை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே நம் சென்னைச் சட்டமன்றத்திலும் இது நடந்தது. இரட்டைமலை சீனிவாசன், வீரையன் போன்ற உறுப்பினர்களின் முயற்சியால் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் அரசாணை வந்தது. பம்பாய்க் கதையை மட்டும் சொல்லி நம் முன்னோர்களை மறந்துவிடக் கூடாது.

தீர்மானம் வந்தது, ஆணை வந்தது. யார் போய்க் குடிப்பது?

கொங்கணத்தில் மகத் என்ற சிற்றூர். அங்கே சவுதார் குளம். தீண்டப்படாதவர்களுக்கும் குளம் திறந்தது என்று நகராட்சி 1924-இல் தீர்மானம் போட்டது. ஆனால் ஒருவரும் அதில் இறங்க முடியவில்லை. மற்ற மதத்தவர் குடித்தார்கள், மாடுகள் குடித்தன. 1927 மார்ச் 20 அன்று, மாநாட்டுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கான மக்கள் வரிசையாக நடந்து குளத்துக்குப் போனார்கள். அம்பேத்கர் முதலில் இறங்கி நீரள்ளிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். அன்றே அவர்கள் தடியால் தாக்கப்பட்டார்கள். பிறகு சாதி இந்துக்கள் 108 குடம் நீரை இறைத்து, சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் மறுபடி இறங்குவோம் என்றபோது வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள். அந்த டிசம்பர் 25 அன்றுதான் மகத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது.

வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. கடைசியாக 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அந்த நீதிமன்றம் ஃபுளோரா நீரூற்றிலிருந்து சில நிமிட நடை. அம்பேத்கர் அங்கே 1923 முதல் வழக்கறிஞர். அவர் அந்தச் சதுக்கத்தைக் கடந்து போன நாட்கள் எத்தனையோ இருக்கும். கல்தேவதையின் காலடியில் நீர் பெருகி வழிந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, ஒரு குளத்து நீரை மனிதர் தொடலாமா கூடாதா என்று சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாம் வென்றோம். எப்படி வென்றோம் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மனிதர் எல்லாரும் சமம், ஆகவே குடிக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தீண்டப்படாதவர்களை விலக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இருப்பதாகச் சாதி இந்துக்கள் வாதாடினார்கள். அதை அவர்கள் போதுமான அளவு நிரூபிக்கவில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. நிரூபித்திருந்தால்? அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. அதை அறுத்தது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம். அதன் 15-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். அரசுப் பணத்தில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அது சொல்கிறது. போலே தீர்மானத்தின் வாடை அதில் அடிக்கிறது. மகத்தில் அடிபட்டவர்களின் ரத்தமும் அதில் இருக்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. வழக்கம் எவ்வளவு பழையது என்ற கேள்விக்கே இனி இடமில்லை.

இனி ஃபுளோரா சதுக்கத்துக்குத் திரும்புவோம். அந்த இடத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: ஹுதாத்மா சௌக், அதாவது தியாகிகள் சதுக்கம். பம்பாயைத் தலைநகராகக் கொண்ட ஒன்றுபட்ட மகாராஷ்டிரம் வேண்டும் என்று 1955 நவம்பர் 21 அன்று அங்கே திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. அந்தப் போராட்டம் முழுவதிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிர்விட்டார்கள். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. நீரூற்றுக்குப் பக்கத்தில் உழவனும் தொழிலாளியும் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் நினைவுச் சின்னம் எழுந்தது. ரோமானியத் தேவதைக்கு அருகில் உழைப்பவர் உருவம் வந்தது நல்ல மாற்றம்தான்.

அந்தப் போராட்டத்தில் நம் மக்களின் பங்கு என்ன? மாங் சாதியில் பிறந்த அண்ணாபாவ் சாத்தே தம் பாட்டால் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். ஆனால் அம்பேத்கர், மொழிவழி மாநிலங்கள் பற்றி 1955-இல் வெளியிட்ட நூலில் பம்பாய் தனி நகர மாநிலமாக இருக்கட்டும் என்றார். ஒரு மொழி மாநிலத்தில் எண்ணிக்கையில் பெரிய சாதி ஒன்று ஆட்சியைப் பிடித்துச் சிறிய சாதிகளை நசுக்கும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. பின்னர் அவருடைய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பும் ஒன்றுபட்ட மகாராஷ்டிர சமிதியில் சேர்ந்தது. ஆக, உழவன், தொழிலாளி என்ற இரண்டு உருவங்களுக்குள் சாதி என்ற கேள்வி ஒளிந்து நிற்கிறது. தமிழ் மாநிலத்தில் இருக்கும் நமக்கும் அந்தக் கேள்வி உண்டு.

அதே சதுக்கத்திலிருந்து புறப்படும் தாதாபாய் நௌரோஜி சாலையில், அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1946-இல் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி இருக்கிறது. மும்பைக்குப் போகிறவர்கள் நீரூற்றைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடந்து போங்கள். 2019-இல் நீரூற்றைச் செப்பனிட்டு மறுபடி நீர் ஓட விட்டார்கள். கல்லைக் காப்பாற்றுவது நல்லது. அந்தக் கல்லைச் சுற்றி நடந்ததையும் காப்பாற்ற வேண்டும். அது நம் வேலை.

கடைசியாக நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1872 முதல் சென்னை குடிப்பது செங்குன்றம் ஏரித் தண்ணீர். 1944-இல் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. சோழவரமும் நம்முடையது. கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழைவது ஊத்துக்கோட்டை அருகே. 2020-இல் கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. பம்பாய்க்கு விகார் போலச் சென்னைக்குத் திருவள்ளூர். தேர்வாய் கண்டிகையில் நம் மக்கள் தங்கள் மேய்ச்சல் காட்டைக் காக்கப் பல ஆண்டுகள் போராடினார்கள். அங்கே இன்று சிப்காட் நிற்கிறது. ஏரி நம் பக்கத்தில், குழாய் நகரத்தில், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் கையில் கேன் தண்ணீர்.

அதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. வசதிக்காக என்கிறார்கள். தனித்தொட்டி கொடுத்தால் ஒரே குழாயில் இரண்டு தெருவும் நிற்க வேண்டிய நாள் வராது. காலனிக்கென்று தனியே இருக்கும் தொட்டிக்கு என்ன நேரும் என்பதை 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பார்த்தோம். தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. மகத்தில் நாம் தொட்ட நீரைக் கழுவ மாட்டு மூத்திரம் ஊற்றினார்கள். தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்து நாம் குடிக்கும் நீரில் மலம் விழுந்தது.

மாணவர்களிடம் ஒரே ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்கள் ஊருக்குப் போய் ஊர்த்தெருத் தொட்டி எந்த ஆண்டு கட்டியது, காலனித் தொட்டி எந்த ஆண்டு கட்டியது என்று பாருங்கள், பெரும்பாலும் தொட்டியிலேயே எழுதியிருக்கும். எந்தக் குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, வால்வைத் திறப்பவர் யார், பொதுக் குளத்தில் யார் துணி துவைக்கிறார்கள், யார் துவைப்பதில்லை என்று கேளுங்கள். பாட்டிகளிடம் பழைய கிணற்றின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மகத் வழக்கில் எதிர்த்தரப்பு தோற்றது, வழக்கத்தை அவர்களால் நிரூபிக்க முடியாததால். நாளை நாம் நீதி கேட்டுப் போகும்போது, நம்மிடம் நிரூபிக்க ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த நோட்டுப் புத்தகங்களோடு அடுத்த ஆண்டு இதே கூட்டத்துக்கு வாருங்கள். அன்று நீங்கள் பேசுங்கள், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

ஜெய் பீம்.